பதினோராவது பெயர்

எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவில் அவரை அகராதியம்மா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் வைத்தது நான். ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல் ஐந்து அர்த்தம் சொல்வார். நாம் எழுதியது ஏன் தப்பு என்பதையும் கேட்காமலே சேர்த்துச் சொல்வார். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அகராதி பிடிச்சவன்னு நேராவே சொல்லிடுங்களேன். நடுவுல எதுக்கு அம்மா போட்டு மரியாதை?" என்றார். அன்றிலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

வெளியுறவுத் துறைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் அறை. ஆறு மேசைகள், ஆறு ஹெட்போன்கள், ஓயாமல் சொட்டுகிற ஒரு ஏ.சி., அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. பக்கத்து நாட்டு நாடாளுமன்றத்தில் பேசுவதையும் மேடைகளில் முழங்குவதையும் பத்திரிகைகளில் எழுதுவதையும் நம் மொழிக்குக் கொண்டுவருவது எங்கள் வேலை. நான் அந்த மொழியைக் கல்லூரியில் படித்தவன். அவருக்கு அது வீட்டுமொழி. அப்பா எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தை ஊர்க்காரர், அம்மா இந்தப் பக்கம். இரண்டு பெண்களில் மூத்தவர் அப்பாவின் ஊரிலேயே வாழ்க்கைப்பட்டுப் போனார். இளையவர் இங்கே தங்கி அரசாங்க வேலைக்கு வந்தார். பெற்றோர் காலமான பிறகு அக்கா ஒருத்திதான் உறவு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டு பேர் வந்தாங்க. ரெண்டு பேருக்கும் இலக்கணம் சரியில்ல" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வெள்ளிக்கிழமை மத்தியானம் ரயில் ஏறுவார். ஐந்து மணி நேரம். திங்கட்கிழமை காலை திரும்பி வரும்போது அக்கா தைத்துக் கொடுத்த புது ஜாக்கெட் போட்டிருப்பார். அளவு எப்போதும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். "நான் இளைச்சுட்டேன்னு அக்காவுக்குத் தெரியக்கூடாது. அதான் தொளதொளன்னு தைக்கச் சொல்றேன்" என்பார். அக்கா மனதில் தங்கை இன்னும் குண்டுப் பெண்தான்.

அந்தச் சந்தை ஊரில் நம் மொழி பேசுகிறவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். துணிக்கடை, மருந்துக்கடை, பாத்திரக்கடை வைத்திருந்தவர்கள். மூன்று தலைமுறையாக அங்கேயே இருந்தாலும் தேர்தல் வந்தால் அவர்கள் வந்தேறிகள் ஆகிவிடுவார்கள். அந்த வருடத் தேர்தலில் அந்த நாட்டு அமைச்சர் ஒருவர் அந்த ஊர் மைதானத்தில் பேசினார். தொண்டை கட்டினாலும் குரல் குறையாதவர். நாற்பது நிமிடப் பேச்சில் முப்பத்தொன்றாவது நிமிடத்தில் அந்த வாக்கியம் வந்தது. "நான் ஏன் வரணும்? விளக்குமாறு உங்க கையிலதானே இருக்கு? பெருக்கித் தள்ளுங்க!"

மூன்றாம் நாள் சந்தையில் ஏழு கடைகள் எரிந்தன. மருந்துக்கடைக்காரர் கடைக்குள்ளேயே செத்துப்போனார்.

நம் அரசாங்கத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. சண்டைக்குப் போக முடியாது, சும்மாவும் இருக்க முடியாது. கடைசியில் அந்த அமைச்சர்மேல் தடை விதிப்பது என்று முடிவானது. நம் நாட்டுக்குள் அவர் கால் வைக்கக்கூடாது. இங்கே சொத்து ஏதாவது இருந்தால் அது முடக்கப்படும். அதற்கு ஆதாரமாக அந்தப் பேச்சின் மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்தவர் கையெழுத்தோடு.

கோப்பு முதலில் என் மேசைக்குத்தான் வந்தது. பேச்சு முழுக்க அந்த ஊர்க் கொச்சை. புத்தகத்தில் படித்தவனுக்குப் பாதி புரியாது. "இது உங்க ஊர்ப் பேச்சு. நீங்களே பாருங்க" என்று நான்தான் அவர் பக்கம் தள்ளினேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இரண்டு நாள் அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த மொழியில் அந்தச் சொல்லுக்கு வீட்டைப் பெருக்குவது என்றும் அர்த்தம், ஆளைத் தீர்த்துக்கட்டுவது என்றும் அர்த்தம். சட்டப் பிரிவு அதிகாரி, கெட்டிக்காரப் பெண்மணி, எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"கொல்லுங்கன்னே போட்டுடலாமே? அர்த்தம் அதுதானே?" என்றார்.

"அவர் அப்படிச் சொல்லல, மேடம்."

"அந்த அர்த்தத்துலதானே சொன்னார்?"

"அந்த அர்த்தத்துலதான் சொன்னார். ஆனா அந்தச் சொல்லைச் சொல்லல. சொல்லாததை நான் எழுத மாட்டேன். சொன்னதை விடவும் மாட்டேன்."

வாக்கியத்தைச் சொன்னபடியே எழுதினார். கீழே அடிக்குறிப்பு போட்டார். இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பேச்சாளர் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி ஒரு கணம் நிறுத்துகிறார். கூட்டம் சிரித்துக் கைதட்டுகிறது. இரண்டாவது பொருளில்தான் அவர்கள் புரிந்துகொண்டார்கள் என்று தெரிகிறது. நான்கே வரி. கையெழுத்துப் போடப்போகும்போது நான் கேட்டேன், "பேர் போட்டே ஆகணுமா? ஊழியர் நம்பர் போட்டாப் போதாதா?" நாளைக்கு வழக்கு என்று வந்தால் பெயர் இல்லாத காகிதம் நிற்காது என்றார் சட்ட அதிகாரி. அகராதியம்மா முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தப்பில்லாமல் செய்த வேலைக்குப் பெயர் போட அவருக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

தடை அறிவிக்கப்பட்டது. ஆதாரங்களும் இணைப்பாக வெளியிடப்பட்டன. அடுத்த பொதுக்கூட்டத்தில் அந்த அமைச்சர் சிரித்தார். "அவங்க நாட்டுக்கு வரணும்னு இங்க யாரு அழுதா?" கூட்டம் ஆரவாரித்தது. முன்பைவிட இரண்டு மடங்கு வாக்கில் ஜெயித்தார்.

ஒன்பதாம் நாள் அந்த நாடு பதில் பட்டியல் போட்டது. இனி அந்த நாட்டுக்குள் நுழையக் கூடாதவர்கள் பதினொரு பேர். நம் வெளியுறவு அமைச்சர், இரண்டு துணை அமைச்சர்கள், செயலாளர்கள், நான்கு எம்.பி.க்கள். பதினோராவது பெயர் எங்கள் அகராதியம்மாவுடையது. எதிரில், 'பேச்சைத் திரித்து மொழிபெயர்த்தவர்' என்று எழுதியிருந்தது.

மற்ற பத்துப் பேருக்கும் அது பதக்கம் மாதிரி. ஒரு எம்.பி. அதைத் தன் விளம்பரத் தட்டியிலேயே போட்டுக்கொண்டார். எங்கள் பிரிவிலும் கேலி நடந்தது. "அமைச்சர் பக்கத்துல பேர் வந்திருக்கு, ஸ்வீட் எங்கே?" என்று யாரோ கேட்டார்கள். அகராதியம்மா அந்தத் தாளை ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார்.

"திரித்துன்னு போட்டிருக்காங்க" என்றார். ஊருக்குப் போக முடியாதே என்பதைவிட அந்தச் சொல்தான் முதலில் அவரைக் குத்தியது.

மாலை அக்காவிடமிருந்து போன் வந்தது. அங்கே தொலைக்காட்சியில் தங்கையின் கையெழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்களாம். இந்த மண்ணில் பிறந்த ஒருவரின் மகளே இந்த மண்ணுக்குத் துரோகம் செய்தாள் என்றார்களாம்.

"நீதானாடி அது?" என்று அக்கா கேட்டார்.

"நான்தான்க்கா."

பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார் அக்கா. அதற்குப் பதில் சொல்வதற்குள் ஏதோ சலசலப்பு. அத்தானின் குரல். போன் துண்டிக்கப்பட்டது. அக்காவின் கணவர் நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் மேற்பார்வையாளர், அமைச்சரின் கட்சிக்காரர். மறுநாளிலிருந்து அந்த எண் வேலை செய்யவில்லை.

ஒரு வருடம் போயிற்று. புது ஜாக்கெட்டுகள் வரவில்லை. பழையவற்றையே துவைத்து உடுத்தினார். இளைத்தது இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. அக்காவுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். "அவ கோவம் நியாயம்தான். அந்த ஊர்ல அவதானே குடியிருக்கணும்?" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் அனுப்பியது. அக்காவுக்கு நுரையீரலில் புற்று, மூன்று மாதம் தாங்கினால் அதிகம் என்று எழுதியிருந்தாள்.

அகராதியம்மா அன்றே அந்த நாட்டுத் துணைத் தூதரகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞர் நல்லவராகத்தான் தெரிந்தார். கணினியில் பார்த்தார். முகம் மாறியது.

"உங்க பேர் பட்டியல்ல இருக்கும்மா."

"தெரியும். எங்க அக்கா சாகக் கிடக்கறா. ரெண்டு நாள் போதும். வேணும்னா ஒரு போலீஸ்காரரைக் கூட அனுப்புங்க."

அவர்கள் மொழியில், அந்த ஊர்க் கொச்சையிலேயே கேட்டார். இளைஞர் தலையைக் குனிந்துகொண்டார். "என் கையில ஒண்ணும் இல்லம்மா. உங்க அரசாங்கத்துலேர்ந்து கேட்டா மேல அனுப்பலாம்."

எங்கள் பிரிவுத் தலைவர் மேலிடத்துக்கு எழுதினார். பதில் வர பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஒரு தனிநபருக்காக நாம் போய்க் கேட்டால் அவர்களுடைய பட்டியலை நாம் ஏற்றுக்கொண்டது போல ஆகிவிடும், அதனால் இயலவில்லை என்று எழுதியிருந்தார்கள். வாக்கியம் அழகாக இருந்தது. பிரிவுத் தலைவர் அதை வாசித்துக் காட்டிவிட்டு, "எனக்கே சொல்ல வாய் வரலம்மா" என்றார். அகராதியம்மா தாளை வாங்கி மடித்தார். "பரவால்ல சார். உங்களைச் சொல்லி என்ன?" என்றார்.

அதன் பிறகு மூன்று தடவை மனுப் போட்டார். மூன்றாவதற்குப் பதில் வருவதற்குள் அக்கா போய்விட்டார். அத்தானிடமிருந்து இரண்டே வார்த்தை வந்தது: 'நேற்று முடிந்தது.' அந்தச் செய்தி வந்தபோது அகராதியம்மா ஏதோ வேளாண் ஒப்பந்தத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்தப் பத்தியை முடித்தார். முடித்ததும் எழுந்து போய், ஏ.சி.க்குக் கீழே நிரம்பியிருந்த வாளியைத் தூக்கிக் கழிவறையில் கொட்டிவிட்டு வந்து வைத்தார். அது அவர் வேலையே இல்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். அக்கா போன விஷயம் மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மூன்றாம் வருடம் காற்று திசை மாறியது. ஆற்று நீர்ப் பங்கீட்டுக்கு இரண்டு நாடுகளும் பேச வேண்டியதாயிற்று. அந்த அமைச்சர் இப்போது துணைப் பிரதமர். அவர்தான் குழுத் தலைவர். பேச்சுவார்த்தைக்கு முன்பாகவே நம் அரசாங்கம் அவர்மேல் இருந்த தடையைச் சத்தமில்லாமல் நீக்கியது. அவர்களும் பதிலுக்குப் பட்டியலிலிருந்து பெயர்களை நீக்கினார்கள். பத்துப் பெயர்கள். யார் யார் என்று பேரம் பேசிய கூட்டத்தில் பதினோராவது பெயர் யாருக்கும் நினைவில்லை. பகையால் விட்டதல்ல. விட்டுப்போனது, அவ்வளவுதான்.

நேரில் மொழிபெயர்க்க எங்கள் பிரிவிலிருந்து இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். நானும் அவரும். "வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் வேற ஆளைப் பார்க்கறேன்" என்றேன். "எதுக்கு? மொழி தெரிஞ்ச ஆளு நான்தானே?" என்றார்.

மூன்று நாள். அரை மணி நேரம் அவர், அரை மணி நேரம் நான். அந்த மனிதருக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, அவர் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் நம் மொழியில் சொன்னார். இரண்டாம் நாள் தேநீர் இடைவேளையில் துணைப் பிரதமர் கோப்பையோடு எங்கள் பக்கம் வந்தார். கிட்டத்தில் பார்க்கும்போது சாதாரண மனிதர். முழங்கால் வலி போலிருக்கிறது, சாய்ந்து சாய்ந்து நடந்தார்.

"நீங்க பேசறது அப்படியே எங்க பக்கத்துப் பேச்சு மாதிரி இருக்கே!" என்றார் அகராதியம்மாவிடம், சந்தோஷமாக.

"எங்க அப்பாவுக்கு அந்த ஊருதான்."

"அட, நம்ம ஊர்ப் பொண்ணா! அடிக்கடி வர்றதுண்டா?"

அகராதியம்மா கையிலிருந்த குறிப்பேட்டைப் புரட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. "அவங்க வர முடியாதுங்க. உங்க தடைப் பட்டியல்ல இன்னும் இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். அகராதியம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"எந்தப் பட்டியல்?" என்றார் துணைப் பிரதமர். நடிக்கவில்லை. உண்மையிலேயே நினைவில்லை. பிறகு சிரித்தார். "ஓ, அதுவா! அது ஏதோ கோவத்துல ரெண்டு பக்கமும் பண்ணினது. நீங்க என்னம்மா பண்ணினீங்க?"

"உங்க பேச்சை மொழிபெயர்த்தேன்."

"எந்தப் பேச்சு?"

அகராதியம்மா அந்த வாக்கியத்தைச் சொன்னார். அந்த மொழியிலேயே, குரல் தாழ்ந்த இடத்தில் தாழ்த்தி, நிறுத்திய இடத்தில் நிறுத்தி. பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கோப்பை தட்டில் படுகிற சத்தம் கேட்டது.

"கூட்டத்துல ஆயிரம் பேசறோம்" என்றார் துணைப் பிரதமர்.

"ஒருத்தர் செத்துப்போனார். மருந்துக்கடை வெச்சிருந்தவர்."

துணைப் பிரதமர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "சரியாத்தானே மொழிபெயர்த்தீங்க?" என்று கேட்டார்.

"சரியாத்தான்."

"அப்புறம் உங்க மேல என்ன தப்பு?" என்றார். உதவியாளரைக் கூப்பிட்டுப் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனோம். அடுத்த அரை மணி நேரம் அகராதியம்மாவுடைய முறை. குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

இருபது நாளில் கடிதம் வந்தது. பெயர் நீக்கப்பட்டது. அகராதியம்மா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். கடிதம் வந்த அன்றுதான் வாயைத் திறந்தார். "எனக்காகக் கேட்டீங்க, தெரியும். ஆனா யார்கிட்ட கேட்டீங்க? என் அக்கா வீட்டு வாசலை அந்த ஆளு கருணையிலதான் மிதிக்கணுமா?" மன்னிப்புக் கேட்டேன். கோபம் தீர அவருக்கு இன்னும் சில நாள் பிடித்தது. ஆனால் போனார்.

அங்கே நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கதவைத் திறந்தவர் அத்தான். மூன்று வருடத்தில் பத்து வருடம் கிழமாகியிருந்தார். "வா" என்று மட்டும் சொல்லி ஒதுங்கி நின்றார். தையல் மெஷின்மேல் போர்வை போட்டு மூடியிருந்தது. தேநீர் அவரே போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார். அகராதியம்மாவும் கேட்கவில்லை.

"அன்னிக்கு அந்த மைதானத்துல நாங்க ரெண்டு பேரும் இருந்தோம்" என்று ஆரம்பித்தார் அத்தான். "முன்வரிசை. நான் கைதட்டினேன். உங்க அக்கா தட்டல. வீட்டுக்கு வர்ற வழியிலயே, என்னங்க இப்படிச் சொல்லிட்டாரு, இது எங்க போய் முடியப்போவுதுன்னா. நான் வாயை மூடுன்னேன்."

அகராதியம்மா தேநீரைக் கீழே வைத்தார்.

"உன் கையெழுத்தை டி.வி.ல காட்டினாங்களே, அன்னிக்கு அவ என்கிட்ட சண்டைக்கு வந்தா. என் தங்கச்சி ஒரு எழுத்துக்கூட மாத்தி எழுதல, நான் என் காதால கேட்டேன், தெருவுல நின்னு சொல்வேன்னா. பயந்துட்டேன். கட்சிக்காரங்க காதுல விழுந்தா வீடு நிக்குமா? போனைப் பிடுங்கிச் சிம்மை உடைச்சுப் போட்டேன். உன் லெட்டர்லாம் போஸ்ட் ஆபீஸ்லயே வாங்கிப் பூட்டி வெச்சேன். கடைசி மாசம் பேச்சு வராதப்பவும் கையால எழுதிக் காட்டினா, தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க, அவ எழுதினது சரின்னு சொல்லிடுங்கன்னு. நான் சொல்லல. வேற என்னென்னமோ சொல்லணும்னு போனை எடுப்பேன். ரெண்டு வார்த்தைக்கு மேல கை ஓடல."

பிரிக்காத கடிதங்களை ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பதினாறு இருந்தன. அக்கா கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்துத் தங்கை எழுதிய பதினாறு சமாதானக் கடிதங்கள். கோபமே இல்லாத ஒருத்திக்கு.

"கத்தணும்போல இருந்தது" என்றார் என்னிடம். "அந்த மனுஷன் எதிர்ல உக்காந்து மூக்கைச் சிந்திக்கிட்டிருக்காரு. யாரைப் பார்த்துக் கத்தறது?"

மறுநாள் அக்காவை அடக்கம் செய்த இடத்துக்கு இரண்டு பேரும் போனார்கள். வரும் வழியில் சந்தைக்குள் நுழைந்து மருந்துக்கடை இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார் அகராதியம்மா. இப்போது அங்கே செல்போன் கடை. பழைய கடைக்காரரின் மனைவி எங்கே என்று விசாரித்தார். ஊரைவிட்டே போய்விட்டாள், எங்கே என்று தெரியாது என்றார்கள். கொஞ்ச நேரம் அந்த வாசலில் நின்றார். என்ன வேண்டும் என்று கடைப் பெண் கேட்டபோது ஒன்றும் வேண்டாம் என்று நகர்ந்தார்.

திரும்பி வந்த பிறகு வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது கீழ்த்தளத்தில், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ் எல்லாம் மொழிபெயர்க்கிறார். வருடத்துக்கு இரண்டு முறை அந்த ஊருக்குப் போகிறார். அத்தானுக்குக் கண் மங்கிவிட்டது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வீட்டைச் சரிசெய்து, நான்கு நாள் இருந்துவிட்டு வருகிறார்.

போன வாரம் கேன்டீனில் பார்த்தபோது கேட்டேன், "அவரை மன்னிச்சுட்டீங்களா?"

"இல்ல" என்றார். தட்டை ஓரமாக நகர்த்தினார். "ஆனா அக்காவைப் பத்திப் பேசறதுக்கு எனக்கு வேற யாரு இருக்கா?"